வீட்டுக்குள் இரண்டு மின்சாரம்!

"பெரியம்மா! வீட்டிலே என்ன ஓடுது? முதல்ல அதை நிறுத்துங்க!"

கம்பத்தின் உச்சியில் இருந்து இப்படி ஒரு குரல் வந்தது.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒண்ணும் ஓடலையே தம்பி! காலையில இருந்து கரண்டே இல்லையே! அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்!" என்றார்.

"கரண்டு இல்லைன்னா இந்தக் கம்பியிலே எப்படி வருது?"

கம்பத்தில் இருந்தவர் மின்சார வாரிய ஊழியர். எங்கள் வீட்டுக்கு வரும் கம்பி, காற்றில் ஆடி ஆடிக் கம்பத்தின் உச்சியில் விட்டுப் போயிருந்தது. அதைச் சேர்ப்பதற்காக ஏறினார்.

ஏறும் முன் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தச் செய்திருந்தார். ஆகவே கம்பியில் மின்சாரம் இருக்க வழியே இல்லை. இருந்தாலும், தொடுவதற்கு முன் வழக்கப்படி சோதித்துப் பார்த்தார்.

மின்சாரம் இருந்தது!

கம்பத்துப் பக்கத்துக் கம்பியில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்து வரும் கம்பியில் இருந்தது.

அது வாரியத்தின் மின்சாரம் அல்ல. எங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த இன்வெர்ட்டர் அனுப்பிய மின்சாரம்!

"சோதித்துப் பார்ப்பானேன்? எல்லாவற்றையும்தான் நிறுத்தியாகிவிட்டதே!" என்று அவர் நினைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை எழுதக் கை கூசுகிறது.

இது நடந்தது 2023-ம் ஆண்டு ஆடி மாதம். ஊர், பட்டுக்கோட்டைப் பக்கம்.

தவறு யாருடையது? எங்களுடையதுதான். அதை மறைக்காமல் சொல்லுகிறேன். இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகள் இப்போது ஏராளம். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது அல்லவா?

கஜா வந்தது, இன்வெர்ட்டர் வந்தது

2008-ம் ஆண்டுக்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு வந்தது உங்களுக்கு நினைவு இருக்கும். 2012-ல் அது உச்சத்துக்குப் போயிற்று. சென்னையில் தினம் 2 மணி நேரம் என்றார்கள். வெளி மாவட்டங்களில் அதைப்போலப் பல மடங்கு. அப்போதுதான் கடை கடையாக இன்வெர்ட்டர் விற்றது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாம் வாங்கினார்கள்.

அப்போதும் அம்மா வாங்கவில்லை. "விசிறி இருக்கு, அரிக்கேன் விளக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

பிறகு கஜா வந்தது.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே அந்தப் புயல் கரை ஏறியது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்களில் வாரக் கணக்கில் விளக்கு இல்லை. வெளி மாவட்டங்களில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் மின்சார ஊழியர்கள் வந்து, மழையிலும் சேற்றிலும் நின்று கம்பம் நட்டார்கள்.

அந்த இருட்டு அம்மாவின் மனதை மாற்றிவிட்டது. 2019-ல் இன்வெர்ட்டர் வாங்கினோம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இன்வெர்ட்டர் என்றால் என்ன? அது மின்சாரத்தை உண்டாக்கும் இயந்திரம் அல்ல. மாற்றிக் கொடுக்கும் இயந்திரம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது ஒரே திசையில் ஓடுவது அல்ல. வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்துகொண்டே இருக்கும். பாட்டரியில் இருக்கும் மின்சாரமோ 12 வோல்ட். அது ஒரே திசையில்தான் ஓடும்.

பாட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவதுதான் இன்வெர்ட்டரின் வேலை. வாரியத்து மின்சாரம் இருக்கும்போது அதை அப்படியே வீட்டுக்கு விட்டுவிட்டு, கொஞ்சத்தை எடுத்துப் பாட்டரியில் நிரப்பிக்கொள்ளும். மின்சாரம் போனதும் கண் இமைக்கும் நேரத்தில் பாட்டரிக்கு மாறிவிடும். பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் மாறும் சத்தம்.

பாட்டரியை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் வரும்போது நிரம்பும். வராதபோது உதவும். ஆனால் தொட்டித் தண்ணீரை வைத்து வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? முடியாது. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "பெட்டி வாங்கியாயிற்று, இனி வீடு முழுவதும் எரியும்" என்று நினைக்கிறார்கள்.

மூன்றரை மணி நேரம்

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும்தான்.

பாட்டரியின் மேல் '12 வோல்ட், 150 ஆம்பியர் அவர்' என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1,800 வருகிறது. அதாவது, 1,800 வாட் எடுக்கும் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டும் சக்தி அந்தப் பாட்டரியில் இருக்கிறது. இது ஏட்டுக் கணக்கு. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். அடி வரை வழித்து எடுத்தால் பாட்டரி சீக்கிரம் கெட்டுப்போகும். ஆகவே நம் கைக்கு வருவது ஏறக்குறைய 1,200 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி செலவைப் பாருங்கள். பழைய மாதிரிக் கூரை பேன் ஒன்று 75 வாட். மூன்று பேன் ஓடினால் 225. எல்.இ.டி. பல்பு ஒன்று 9 வாட். ஐந்து பல்புக்கு 45. டி.வி.க்கு ஒரு 60. எல்லாம் சேர்ந்து 330 வாட்.

1,200-ஐ 330-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்!

இரவில் இரண்டு பேன், ஒரு பல்பு மட்டும் என்றால் 159 வாட். ஏழு மணி நேரம் தாராளமாக ஓடும். அதே இரண்டு பேனும் புது மாதிரி 30 வாட் பேனாக இருந்தால்? 17 மணி நேரம் வரும். இன்னொரு பாட்டரி வாங்குவதற்கு முன் பேனை மாற்றிப் பாருங்கள் என்று நான் சொல்லுவது இதனால்தான்.

மிக்சி 750 வாட். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். குளிக்க வெந்நீர் போடும் கீசர் 2,000 வாட். தண்ணீர் மோட்டாரின் கதை தனி. ஓடும்போது எடுப்பதைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்சாரத்தைப் புறப்படும்போது இழுக்கும். ஓடும்போது சாதுவாக இருக்கும் பிரிஜ்ஜும் புறப்படும்போது முரண்டு பிடிக்கும். வீடுகளில் அதிகம் இருக்கும் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் தருவது 700 வாட் போல. இவை எல்லாம் அதன் தலையில் ஏறினால் 'கீ... கீ...' என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

அம்மாவின் மூளை வேலை செய்தது

எங்கள் வீட்டுக்கு வருவோம்.

இன்வெர்ட்டரைக் கொண்டுவந்து வைத்தவர் சுவரை உடைத்து ஒயர் இழுக்கவில்லை. "எதுக்கு வீண் செலவு?" என்று ஒரு குறுக்கு வழி சொன்னார். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து கொடுத்தார்.

கரண்டு போனதும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரின் பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் இந்த ஒயரின் ஒரு முனையைச் செருக வேண்டும். மறுமுனை இன்வெர்ட்டரில். அவ்வளவுதான்! சுவரில் இருந்து மின்சாரம் வருவதற்குப் பதிலாக, சுவருக்குள் மின்சாரம் போகும். வீட்டு ஒயர் முழுவதும் அது பரவும். எந்த சுவிட்சைப் போட்டாலும் எரியும்.

செலவில்லாத யோசனை! அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பட்டம் வாங்கியவன்தான். பட்டத்தில் இது இல்லை.

நாலு ஆண்டு அப்படியே ஓடிற்று.

ஆனால் மெயின் சுவிட்சு இருப்பது திண்ணையில், எட்டாத உயரத்தில். முக்காலி போட்டு ஏறித்தான் அணைக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. அன்று ஏறவில்லை. மெயினை அணைக்காமலே ஒயரைச் செருகிவிட்டார். சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு தோசைக்கு மாவு கரைத்தார்.

அந்த மின்சாரம் சமையலறையோடு நிற்குமா? நிற்கவில்லை. மெயின் சுவிட்சைத் தாண்டி, மீட்டரைத் தாண்டி, கம்பி வழியாகக் கம்பத்துக்கே போய்விட்டது.

கம்பி வழியே திரும்பிப் போகும் மின்சாரம்

இதற்கு முன்னும் அம்மா மெயினை மறந்திருக்கலாம். அப்போது ஒன்றும் ஆகவில்லையே, ஏன்?

காரணம் இருக்கிறது. தெருவோடு இணைப்பு இருக்கும்போது நம் இன்வெர்ட்டரின் மின்சாரத்தை அத்தனை வீட்டுப் பேனும் பிரிஜ்ஜும் சேர்ந்து இழுக்கும். பாரம் தாங்காமல் அது நின்றுவிடும். "பெட்டி ரிப்பேர்" என்று நினைத்துக்கொள்ளுவோம். ஆனால் அன்றைக்கு எங்கள் கம்பி தனியாக விட்டுப் போயிருந்தது. இழுக்க வேறு யாரும் இல்லை. 230 வோல்ட்டும் அப்படியே கம்பியின் முனையில் வந்து காத்திருந்தது.

புயல் காலத்தில் இது இன்னும் பெரிய ஆபத்து. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்து மோட்டார் ஓட்டித் தொட்டி நிரப்புகிறோம். ஜெனரேட்டருக்கு இன்வெர்ட்டரைவிடப் பலம் அதிகம். கம்பிகளோ அங்கங்கே அறுந்து, நாலைந்து வீடுகள் ஒரு துண்டாக நிற்கும்.

டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே, அது ஒரு விசித்திரமான சாமான். அந்தப் பக்கம் 11,000 வோல்ட் வந்தால் இந்தப் பக்கம் நமக்கு 230 வோல்ட் கிடைக்கும்படி குறைத்துக் கொடுக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் இருந்து நாம் அனுப்பினால்? அது குறைக்காது. உயர்த்தும்! நம் திண்ணையில் ஓடும் ஜெனரேட்டரின் மின்சாரம், அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி நிற்கலாம். அறுந்த கம்பியை எடுத்துக் கட்டுகிற ஊழியருக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒயரைச் செருகி வைத்திருக்கும்போதே வாரியத்து மின்சாரம் திரும்ப வந்துவிட்டால், இரண்டும் மோதும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சாமான்கள் ஒரு நொடியில் கருகும். இரண்டு பக்க பிளக்கின் ஒரு முனை கழன்று விழுந்தாலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் குச்சிகளில் மின்சாரம் இருக்கும். தவழும் குழந்தை உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஒயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

"மாவு ஆட்ட வேண்டாமா?"

அன்று கம்பத்தில் இருந்து இறங்கிய ஊழியர் திட்டுவார் என்று அம்மா பயந்தார். அவர் திட்டவில்லை. "பெரியம்மா! எனக்கும் வீட்டிலே அம்மா இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பியைச் சேர்த்துவிட்டுப் போனார்.

அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்குப் போன் போட்டு, "நீ உடனே புறப்பட்டு வா" என்றார்.

போனேன். எங்கள் ஊரில் நெடுங்காலமாக ஒயரிங் வேலை பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். உரிமம் பெற்றவர். அவரைக் கூப்பிட்டு வந்தேன். அந்த இரண்டு பக்க ஒயரைப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்து கத்தரியை எடுத்து இரண்டு துண்டாக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"தம்பி! முதல்ல ஒரு காகிதம் எடுங்க. கரண்டு இல்லாதப்ப எது எது எரியணும்? அதை மட்டும் எழுதுங்க" என்றார்.

கூடத்து பேன், படுக்கை அறை பேன், கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு என்று எழுதினேன். அம்மா குறுக்கே வந்தார். "கொல்லைப்புற விளக்கை விட்டுட்டியே! ராத்திரி பாம்பு கிடக்கும்" என்றார். எழுதினேன். குளியலறை விளக்கு. சாமி அறை விளக்கு. செல்போனுக்கு ஒரு பிளக்.

"கிரைண்டர்?" என்று அம்மா கேட்டார்.

"கூடாது அக்கா" என்றார் அவர்.

"மாவு ஆட்ட வேண்டாமா?"

"கரண்டு இருக்கறப்ப ஆட்டி வச்சுக்குங்க அக்கா. பிரிஜ்ஜு, மிக்சி, மோட்டார், இஸ்திரிப் பெட்டி எதுவும் இந்த லைன்ல வராது."

அம்மா கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தக் காகிதம் வேறு வேறாக இருக்கும். மூச்சு மருந்து உள்ளிழுக்கும் கருவி வைத்திருக்கும் வீட்டில் அதற்குத்தான் முதல் இடம். ஆனால் அதன் பாரம் எவ்வளவு, இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் அதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று டாக்டரையும் கருவி கொடுத்தவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மலிவான இன்வெர்ட்டர்களின் மின்சாரம் கரடுமுரடாக இருக்கும். அதில் பேன் 'உம்' என்று முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். 'சைன் வேவ்' என்று எழுதியிருக்கும் பெட்டி வீட்டு மின்சாரத்தைப் போன்றே தரும்.

இரண்டாகப் பிரிந்த வீடு

பிறகு வேலை தொடங்கியது. அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். நீங்களே செய்து பார்ப்பதற்கு அல்ல. செய்கிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுவதற்கு.

காகிதத்தில் எழுதிய பல்புகளுக்கும் பேன்களுக்கும் போகும் ஒயர்களை மட்டும் சுவிட்சுப் பலகைகளில் தனியாகப் பிரித்தார். அவற்றுக்கு என்று புது லைன் ஒன்றை இழுத்தார். அந்த லைனுக்குத் தனியாக ஒரு எம்.சி.பி. பாரம் மிஞ்சினால் அது தானே விழுந்துவிடும். மற்ற ஒயர்கள் எல்லாம் பழையபடி மெயினோடு. அவற்றுக்கும் இன்வெர்ட்டருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

போகும் கம்பியை மட்டும் பிரித்துவிட்டு, நியூட்ரல் என்ற திரும்பும் கம்பியை அப்படியே கலந்து விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கும் தவறு என்றார் அவர். அப்படி விட்டால் உயிர் காக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்சு காரணம் தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் வீட்டுக்காரர் அந்த சுவிட்சையே எடுத்துவிடச் சொல்லுவார். ஒரு தவறை மறைக்க அதைவிடப் பெரிய தவறு! எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைனுக்குத் திரும்பும் கம்பியும் தனியாகப் போயிற்று. அதற்கு மட்டும் அரை நாள் பிடித்தது.

பாட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே விரல் தடிமன் ஒயர் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இந்தப் பக்கம் 600 வாட் எரிந்தால், 12 வோல்ட் பாட்டரியில் இருந்து 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த முனை தளர்ந்திருந்தால் சூடேறி உருகும். மாதம் ஒரு முறை பார்க்க வேண்டிய இடம் அது.

மேலே, நடுவே, கீழே

கடைசியாக அவர் ஒரு சுவிட்சைப் பொருத்தினார். இதுதான் முக்கியம். 'சேஞ்ச் ஓவர் சுவிட்சு' என்று கேட்டால் மின்சாரக் கடையில் கொடுப்பார்கள்.

ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஒன்று இந்தப் பக்கம் போகும். அல்லது அந்தப் பக்கம் போகும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போக முடியாது. இந்த சுவிட்சும் அதே மாதிரி.

கைப்பிடி மேலே இருந்தால் வாரியத்து மின்சாரம் நேராக வரும். நடுவில் இருந்தால் எதுவும் வராது. கீழே இருந்தால் இன்வெர்ட்டர் வழியாக வரும். போகும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் அது சேர்த்து மாற்றும். இரண்டு மின்சாரமும் சந்திக்கவே முடியாதபடி அதன் உடம்பே அமைந்திருக்கிறது. நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. முழங்கால் வலித்தாலும் ஆபத்து இல்லை.

"பெட்டிக்குள்ளேயே தானாக மாறுகிறதே, இது எதுக்கு அண்ணே?" என்று கேட்டேன்.

"பெட்டி ஒரு நாள் ரிப்பேருக்குப் போகும் தம்பி. அப்ப இந்த லைன் முழுக்க இருட்டாயிடும். யாராவது வந்து ரெண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்து விடுவாங்க. பெட்டி திரும்பி வந்ததும் அந்த முறுக்கைப் பிரிக்க மறந்துடுவாங்க. அங்கதான் வினை ஆரம்பம்" என்றார்.

இப்போது கைப்பிடி எப்போதும் கீழே இருக்கும். பெட்டி பழுதானால் மேலே தள்ளிக்கொள்ளலாம். திண்ணையில் அல்ல, கூடத்தில், அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் அதை வைத்திருக்கிறோம்.

ஜெனரேட்டர் வைப்பவர்களுக்கும் இதே சுவிட்சுதான். அவர்கள் வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

மெயினை அணைத்தால் போதுமா?

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு விஷயத்தைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய நாளில் பல்பு மாட்டினாலும் பேன் கழற்றினாலும் மெயினை அணைத்துவிட்டால் போதும். இப்போது போதாது! மெயினை அணைத்த அந்த நொடியே இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும். "கரண்டு போய்விட்டது" என்று நினைத்துத் தன் லைனுக்கு மின்சாரத்தை அனுப்பும். மெயினை அணைத்த தைரியத்தில் கை வைத்தால் அடிக்கும். ஆகவே மெயினையும் அணைக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் கைப்பிடியையும் நடுவில் வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைன் சுவிட்சுகளின் மேல் சிவப்பு மையால் புள்ளி வைத்திருக்கிறோம். யார் வந்து வேலை செய்தாலும் தெரியும்.

பாட்டரியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உள்ளே இருப்பது அமிலம். தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. நிரம்பும்போது தீப்பற்றக்கூடிய வாயு வெளியே வரும். ஆகையால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கட்டிலுக்குக் கீழே வேண்டாம். பக்கத்தில் ஊதுவத்தி, விளக்கு வேண்டாம். 12 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். வளையல் போட்ட கையால் துடைக்கும்போது வளையல் இரண்டு முனையையும் தொட்டுவிட்டால் நெருப்பாகச் சிவந்துவிடும்.

வெயில் இருக்கிறது, கரண்டு இல்லை!

இப்போது பலர் மாடியில் சோலார் தகடு போடுகிறார்கள். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். அப்படிப் போட்டவர்களில் சிலர், "நல்ல வெயில் அடிக்கிறது, தெருவில் கரண்டு போனதும் எங்கள் வீட்டிலும் போய்விடுகிறதே! ஏமாற்றிவிட்டார்கள்" என்று குறைப்படுகிறார்கள்.

ஏமாற்று இல்லை. வாரியத்துக் கம்பியோடு சேர்ந்த சோலார், கம்பியில் மின்சாரம் போனதும் தானே நின்றுவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. காரணம் என்ன? கம்பத்தில் வேலை செய்கிறவர்தான்! கரண்டு போனபோதும் எரிய வேண்டுமானால், பாட்டரியோடு கூடிய தனி இன்வெர்ட்டர் வேண்டும். அதற்கும் தனி லைன் வேண்டும். சுவிட்சு வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டு வேலை முடிந்தது. சாமான்களை எடுத்து வைப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

"ஒரு பரீட்சை பாக்கி இருக்கு தம்பி" என்றார்.

முக்காலி போட்டு ஏறி மெயினை அணைத்தார். கூடத்து பேன் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பிரிஜ் அடங்கிவிட்டது. பிறகு மெயின் சுவிட்சின் மூடியைத் திறந்து, வீட்டுப் பக்கத்து முனைகளில் மீட்டரை வைத்தார். டெஸ்டர் மட்டும் வைத்தால் சில சமயம் பொய் சொல்லும் என்பது அவர் கருத்து. "வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார்.

உள்ளே இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் பூஜ்யம்.

அம்மாவும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அப்ப, கம்பத்துக்குப் போகாதே?" என்று கேட்டார்.

"போகாது அக்கா. வழியே இல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் இறங்கி மோர் கேட்டார்.